கம்பியின் மேல் ஏறிய பழி

தந்தி நிலையங்களில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. தொகையும் எண்ணும் நிறைந்த செய்தியை அனுப்புவோர் சற்று மிகுதியான கட்டணம் செலுத்தினால், அதனைப் பெற்ற நிலையத்தார் செய்தி முழுவதையும் ஒருமுறை திரும்ப அனுப்பிக் காட்டுவர். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று கண்ட பிறகே அது பட்டுவாடாவுக்குச் செல்லும். ஓர் எண் பிறழ்ந்தால் ஒரு வணிகமே கவிழும் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. நம் நாட்டில் 1850-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே முதல் சோதனைக் கம்பி போடப்பட்டது. 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14-ஆம் நாள் இரவோடு தந்திச் சேவை முடிவுற்றது. இந்த நெடுங்காலத்தில் தந்திக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே: அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்ததாகாது, மறுமுனையிலிருந்து ஒப்புதல் வரும்வரையில் மூலத்தைக் கையைவிட்டு நழுவ விடலாகாது.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது தந்தியைப் பற்றியன்று. அந்தப் பழைய பாடத்தை மீண்டும் அடி முதல் கற்க நேர்ந்த ஒரு பிற்காலக் கருவியைப் பற்றியது. கூச்சலோடு வந்து, எவரும் கவனியாத வகையில் மறைந்துபோன மோடம் என்னும் கருவியே அது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியை இணையத்தோடு இணைத்த அக்கருவியை இக்கால இளைஞர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். அமெரிக்காவில் அம்முறையை வீடுதோறும் பரப்பிய ஏ.ஓ.எல். நிறுவனமே 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அச்சேவையை நிறுத்திவிட்டது. அந்தக் காலத்தில் நம் ஊர்ப்புறங்களில் ஒரு குற்றச்சாட்டு ஓயாமல் கேட்டது. வந்த செய்தி பாதியில் நின்றாலும், படம் சிதைந்தாலும், கடிதம் வராமலே போனாலும், "கம்பி சரியில்லை" என்பதே அனைவரும் கூறிய தீர்ப்பு. அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதே என் கட்சி.

முதலில் கருவியின் தன்மையைக் கூறிவிடுகிறேன். தொலைபேசி மனிதக் குரலுக்காகச் சமைக்கப்பட்டது. நொடிக்கு 300 முதல் 3,400 வரை அதிர்வுடைய ஓசைகளை மட்டுமே அது கொண்டுசெல்லும். கணிப்பொறியின் மொழியோ ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே குறிகள். அக்குறிகளை ஓசையாக மாற்றி அனுப்பவும், வந்த ஓசையை மீண்டும் குறிகளாக மாற்றவும் ஒரு துபாஷி தேவைப்பட்டது. அத்துபாஷியே மோடம். இணைப்பு ஏற்படும்போது கேட்கும் கீச்சொலியும் இரைச்சலும் இரண்டு மோடங்கள் ஒன்றையொன்று நலம் விசாரித்து, கம்பியின் குணத்தை அளந்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று உடன்படிக்கை செய்துகொள்ளும் ஓசையேயாகும்.

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் கருவி நொடிக்கு 300 குறிகளை அனுப்பியது. எழுத்துக் கணக்கில் முப்பது எழுத்துகள். 1984-இல் 9,600, 1994-இல் 28,800, 1996-இல் 33,600 என்று சர்வதேசத் தரங்கள் உயர்ந்தன. 1948-ஆம் ஆண்டிலேயே கிளாடு ஷானன் என்ற அறிஞர், இன்ன அகலமும் இன்ன இரைச்சலும் உடைய ஒரு வழியில் இவ்வளவு செய்திதான் செல்லும் என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். சாதாரணத் தொலைபேசி வழியில் அந்த எல்லைக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியது 33,600. பிறகு 1998-இல் வந்த 56,000 என்னும் வேகம் ஒரு தந்திரத்தால் கிடைத்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இந்தியாவில் 1986-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பே இத்துறையின் நாற்றங்கால். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் ஒரு கண்ணி. பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் அதனைத் தொடங்கிவைத்தது. தொடக்கத்தில் இடர்ப்பாடுகள் மிகுந்தன. இணைப்பு கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. அன்றைய தலைவர் பி. கே. சிங்கால், முன்னேற்பாட்டில் குறை நேர்ந்ததைப் பொதுவில் ஒப்புக்கொண்டார். உயர்பதவியில் இருப்போரிடம் அரிதாகக் காணப்படும் பண்பு அது என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை.

அக்காலத்தில் மாணவர்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் தந்த கணக்கில் படம் வாராது. வெறும் எழுத்து மட்டுமே திரையில் ஓடும். அந்த எழுத்தும் ஆங்கில எழுத்தே. தமிழ் எழுத்தை அனுப்ப முயன்றவர்கள் விந்தையான ஓர் இழப்பைக் கண்டனர். கணிப்பொறி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே அறியும். ஆங்கில எழுத்துகள் 0 முதல் 127 வரையுள்ள எண்களில் அடங்கிவிட்டன. ஆதலால் பழைய அஞ்சல் முறைகள் எழுத்துக்கு ஏழு குறிகளே போதும் என்று வகுக்கப்பட்டிருந்தன. தமிழ் எழுத்துகளுக்கோ 128-க்கு மேற்பட்ட எண்களில்தான் இடம் கிடைத்தது. அவற்றிற்கு எட்டாம் குறி இன்றியமையாதது. வழியில் ஏதேனும் ஒரு பழைய நிலையம் எட்டாம் குறியை வேண்டாத வால் என்று வெட்டிவிட்டால் என்ன ஆகும்? டிஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றத்தில் அகரத்தின் எண் 171. அதில் 128 நீங்கினால் மீதி 43. ஆங்கிலப் பட்டியலில் 43 என்பது கூட்டல் குறி! அகரமுதல எழுத்தெல்லாம் என்று படித்த நம் முதலெழுத்து கணக்குப் பாடத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. கடிதத்தைப் பெற்றவர் திரையில் கண்டது குறிகளும் ஆங்கில எழுத்துகளும் கலந்த குப்பையே. இங்கும் கம்பி ஒரு குற்றமும் செய்யவில்லை. கம்பி எட்டையும் சுமக்க ஆயத்தமாக இருந்தது, வெட்டியது விதி.

இதற்கு மருந்தும் முன்பே இருந்தது. 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெர்மிட் என்றொரு கோப்பு அனுப்பும் முறை உருவாயிற்று. தொலைக்காட்சியில் வந்த ஒரு தவளைப் பொம்மையின் பெயரை அதற்கு இட்டனர். ஏழு குறி மட்டுமே செல்லும் வழியிலும், எட்டாம் குறியுள்ள எழுத்துக்கு முன் ஓர் அடையாளம் இட்டு, பொருள் கெடாமல் கொண்டுசேர்க்க அதற்குத் தெரியும். மின்னஞ்சலிலும் 1992-இல் மைம் என்னும் விதிமுறை வந்து, எட்டுக் குறி எழுத்துகளை ஏழு குறிக்குள் மடித்து அனுப்பும் வழியைத் தந்தது. தமிழுக்கு ஒரு சீரான குறியேற்றமும் விசைப்பலகையும் வேண்டும் என்று 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டினர் இத்தகைய தொல்லைகளைக் கண்டு சலித்தவர்களே.

இனி எங்கள் பகுதிக்கு வருகிறேன். பொங்கலூர், கோவையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையில் உள்ளது. வடக்கே திருப்பூர். அங்கே ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு வணிகரிடம் ஆர்டர் பெறுவர். தைக்கும் வேலையில் ஒரு பகுதி எங்களைப் போன்ற சிற்றூர்களிலுள்ள சிறு பனியன் கம்பெனிகளுக்கு வந்து சேரும். ஒரு காலத்தில் தொலைபேசி, பிறகு டெலக்ஸ், அதன் பிறகு ஃபாக்ஸ் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. 1998 நவம்பரில் தனியாரும் இணையச் சேவை நடத்தலாம் என்று அரசு இசைந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் நிறுவனமாக வந்தது. வேறு பலவும் தொடர்ந்தன. கட்டணம் இறங்கிற்று. அளவுத்தாளும் சட்டையின் படமும் மின்னஞ்சலில் வரத் தொடங்கின.

இதில் இருந்த இடர் எத்தகையது என்பதை வெளியூர் நேயர்கள் உணர வேண்டும். 2004-ஆம் ஆண்டு இறுதிவரையில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் ஆடைகளுக்குக் கோட்டா இருந்தது. கப்பல் ஏற்றும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும். நாள் தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப நேரும். அச்செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். அவரிடமிருந்து அது சிறு கம்பெனிக்காரரின் கூலியில் கழியும். அளவுத்தாள் நான்கு நாள் வாராமற்போனால் கட்டிங் மேசை நான்கு நாள் சும்மா கிடக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்களுக்கு அந்நான்கு நாளும் கூலி இல்லை. காணாமற்போன எழுத்துகளின் விலையைச் செலுத்தியவர்களில் கணிப்பொறியையே காணாதவர்களும் இருந்தனர்.

2001-ஆம் ஆண்டில் எங்கள் ஊரை அடுத்த சிற்றூர் ஒன்றில் இப்படியே நடந்தது. பதினைந்து தையல் இயந்திரங்கள் வைத்திருந்த ஒருவருக்கு அளவுத்தாள் வரவேண்டும். இணைப்புக் கிடைக்கிறது, கடிதம் இறங்கத் தொடங்குகிறது, ஊர்ந்து ஊர்ந்து பாதியில் நின்றுபோகிறது. தொலைபேசி லைன்மேனை மூன்று முறை வரவழைத்தார். லைன்மேன் கம்பத்திலிருந்து வீடு வரையிலான கம்பியையே மாற்றிப் பார்த்தார். நான் அங்கே சென்றிருந்தபோது வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. "உங்க கம்பியிலேதாங்க எழுத்தெல்லாம் கொட்டிப் போகுது" என்றார் உரிமையாளர். "கம்பியிலே கொட்டினாக் காதுக்குக் கேக்குமுங்க. டயல் டோன் தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்குதுங்க" என்றார் லைன்மேன். அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரை. இயற்பியல் பட்டதாரிகள் பலர் காணத் தவறிய உண்மை அவர் வாக்கில் இருந்தது.

என் பழைய மாணாக்கர் ஒருவர் அப்போது ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் முறையீடு கேட்கும் பணியில் இருந்தார். அவரிடம் கூறினேன். தொலைபேசி வழியாகவே குற்றத்தைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். ஆனால் அதில் ஒரு வேடிக்கையான சிக்கல். வீட்டில் இருப்பதோ ஒரே கம்பி. அதில் மோடம் பேசினால் மனிதர் பேச இயலாது. மனிதர் பேசினால் மோடம் பேச இயலாது. நோயாளி நோயோடு இருக்கும்போது வைத்தியரோடு பேச முடியாது. வைத்தியரோடு பேசும்போது நோய் இல்லை. ஆகவே தம் விடுமுறை நாளில் பேருந்து ஏறி அவரே வந்துவிட்டார்.

அவர் என்ன செய்தார் என்பதைச் சற்று விரித்துச் சொல்வேன். ஏனெனில் இவ்வரலாற்றின் சாரம் அதில்தான் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டில் வி.42 என்றொரு சர்வதேச விதி ஏற்பட்டது. அவ்விதிப்படி மோடம் எழுத்துகளைச் சிறு கட்டுகளாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுச் சேர்த்து அனுப்பும். மறுமுனை மோடம் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை பொருந்தாவிட்டால் அக்கட்டை மீண்டும் கேட்கும். தந்திக்காரர்களின் திரும்பக் கூறும் வழக்கம் இங்கே இயந்திரத்துக்குள் குடியேறிவிட்டது. எங்கள் ஊர் நிட்டிங் இயந்திரத்தில் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து இயந்திரம் தானே நிற்குமல்லவா? துணியில் ஓட்டை விழாமல் காக்கும் அந்த ஏற்பாட்டைப் போன்றது இது. இதனால் விளைவது யாது? கம்பி கெட்டிருந்தால் கட்டுகள் மீண்டும் மீண்டும் கேட்கப்படும், வேகம் குறையும், மிகவும் கெட்டிருந்தால் இணைப்பு அறுந்துபோகும். ஆனால் கம்பியில் கெட்ட எழுத்து, கெட்டதாகவே கணிப்பொறிக்குள் நுழைவதில்லை.

விண்டோஸ் 98-இல் சிஸ்டம் மானிட்டர் என்றொரு பகுதி உண்டு. இணைப்பில் நேரும் பிழைகளை அது வகைவாரியாக எண்ணிக் காட்டும். பெரும்பாலோர் அதைத் திறந்ததே இல்லை. என் மாணாக்கர் அதைத் திறந்துவைத்துவிட்டுக் கடிதத்தை இறக்கச் சொன்னார். வி.42 பாதுகாப்பு அமலில் இருந்தது. ஆயினும் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. அதிலும், வந்த எழுத்தை எடுத்துக்கொள்ளாமையால் நேர்ந்த பிழை என்ற வகையே ஏறியது. வட்டு சுழலும் ஓசை கேட்கும்போதெல்லாம் அது துள்ளியது. மோடம் வரையில் செய்தி முழுமையாக வந்துவிட்டது. மோடத்துக்கும் கணிப்பொறிக்கும் இடையிலுள்ள இரண்டு முழக் கேபிளின் முடிவில்தான் எழுத்துகள் சிந்திக்கொண்டிருந்தன. பத்துக் கல் தொலைவைக் கடந்து வந்தவன் வாசற்படியில் தடுக்கி விழுந்த கதை!

காரணம் ஒரு சிறிய சில்லு. கணிப்பொறியின் பின்புறத்துச் சீரியல் வாயிலில் வரும் குறிகளை எழுத்தாகத் திரட்டிக் கொடுப்பது அதன் வேலை. 8250, 16450 என்ற எண்களுடைய பழைய சில்லுகளில், திரட்டிய எழுத்தை வைத்திருக்க ஒரே ஓர் இடம். அடுத்த எழுத்து வருவதற்குள் கணிப்பொறி அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் புதியது பழையதை அழித்துவிடும். அந்த வாயிலின் வேகத்தை 1,15,200 என்று வைத்திருந்தார்கள். எழுத்துக்குப் பத்துக் குறி என்று கொண்டால் நொடிக்கு 11,520 எழுத்துகள். ஓர் எழுத்துக்கும் மறு எழுத்துக்கும் இடைவெளி, ஒரு நொடியைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் அதில் 87 பங்கு. வட்டில் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பழைய 486 கணிப்பொறிக்கு அதற்குள் திரும்பிப் பார்க்க இயலவில்லை. பின்னர் வந்த 16550ஏ என்னும் சில்லில் பதினாறு எழுத்து கொள்ளும் சிறு தொட்டி உண்டு. அது இருந்தால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். அன்று மாணாக்கர் வாயிலின் வேகத்தை 19,200 ஆகக் குறைத்துவைத்தார். பிழை எண்ணிக்கை அசையாமல் நின்றது. பிறகு கோவையில் ஒரு புதிய கார்டு வாங்கிப் பொருத்தி வேகத்தையும் மீட்டனர்.

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. இணைப்பு ஏற்பட்டதும் திரையில் 1,15,200 என்று காட்டுவதைக் கண்டு, தம் கம்பி அவ்வளவு வேகமுடையது என்று மகிழ்ந்தவர்கள் பலர். பல கணிப்பொறிகளில் அது மோடத்துக்கும் கணிப்பொறிக்கும் இடையிலுள்ள வேகமே; கம்பியின் வேகம் அன்று. விற்பனையாளர்கள் அந்த மயக்கத்தைத் தெளிவிக்க அவசரப்படவில்லை.

எழுத்துச் சிந்துவது நின்றும் கடிதம் முழுமையாக இறங்கவில்லை. ஒரு நோய்க்குப் பின்னால் மற்றொன்று மறைந்திருந்தது. அளவுத்தாளுக்கு முன்னால் வரிசையில் 20 இலட்சம் எழுத்து அளவுள்ள ஒரு படம் இருந்தது. மின்னஞ்சலுக்காக மடிக்கும்போது படம் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 28,800 வேகத்தில் அது இறங்க ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் வேண்டும். ஆனால் இணைப்போ எட்டு, பத்து நிமிடத்தில் அறுந்துகொண்டிருந்தது. அஞ்சல் இறக்கும் விதியில் ஒரு நல்ல எச்சரிக்கை உண்டு: கணிப்பொறி முறைப்படி விடைபெற்றாலன்றி, நிலையத்திலுள்ள கடிதம் எதுவும் அழிக்கப்படாது. பழைய தந்திக்காரர் மூலத்தைக் கையில் வைத்திருந்ததைப் போன்றதே இதுவும். ஆனால் அந்த எச்சரிக்கையே இங்கு விலங்காயிற்று. ஒவ்வொரு முறையும் வரிசை முதலிலிருந்து தொடங்கும். அதே படத்தில் அறுந்துபோகும். அளவுத்தாள் தொலைந்துபோகவில்லை, நிலையத்தில் பத்திரமாகக் காத்திருந்தது. பெருத்த உடம்புக்காரர் ஒருவர் வாயிலில் சிக்கிக்கொண்டால் பின்னால் நிற்பவர் எப்படி உள்ளே வருவார்? நிறுவனத்தார் அந்தப் படத்தை வேறிடத்தில் எடுத்து வைத்தவுடன், சில நொடிகளில் அளவுத்தாள் வந்து இறங்கியது.

இணைப்பு ஏன் அறுந்தது? அதையும் அவர் விடவில்லை. மாடியில் ஒரு துணைத் தொலைபேசி இருந்தது. வீட்டுப் பெரியம்மா யாருக்கோ பேச எண்ணி அதை எடுப்பார். காதைக் குடையும் இரைச்சல் கேட்டு உடனே வைத்துவிடுவார். கீழே மோடம் விடைபெறாமல் மாண்டுபோகும். லைன்மேனுக்கு அன்று காப்பி கிடைத்தது என்று கேள்வி.

எல்லாக் கம்பிகளும் மாசற்றவை என்று நான் வழக்காட வரவில்லை. ஐப்பசி மழையில் இணைப்புகளில் நீர் இறங்கிய கம்பிகளும், இடி விழுந்து மோடத்தோடு கணிப்பொறியையும் கருக்கிய கம்பிகளும் உண்டு. நான் கூறுவது, கம்பி செய்யக்கூடிய குற்றம் ஒரு வகை, செய்ய முடியாத குற்றம் ஒரு வகை என்பதே. தாமதமும் அறுதலும் அதன் கணக்கில் எழுதலாம். எழுத்துச் சிதைவையும் இழப்பையும் எழுதுவதற்கு முன் நன்றாக விசாரிக்க வேண்டும்.

கம்பிக்குச் சற்றும் தொடர்பில்லாத இழப்பு வேறும் உண்டு. மோடத்துக்கு ஆணையிட விரும்பினால் மூன்று கூட்டல் குறிகளை அனுப்பி அதன் கவனத்தை ஈர்க்க வேண்டும் என்பது ஹேய்ஸ் நிறுவனம் வகுத்த வழக்கம். செய்தியின் நடுவே தற்செயலாக அக்குறிகள் வந்தால் மோடம் ஏமாறாதிருக்க, அவற்றின் முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் வேண்டும் என்றும் அந்நிறுவனம் வகுத்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றுக்கொண்டது. காப்புரிமைத் தொகை கொடுக்க விரும்பாத சில உற்பத்தியாளர்கள் மௌனத்தை விட்டுவிட்டுக் கூட்டல் குறிகளை மட்டும் எடுத்துக்கொண்டனர். அத்தகைய மோடம் வைத்திருப்பவருக்கு, கூட்டல் குறி மூன்றும் தொலைபேசியை வைத்துவிடும் ஆணையும் அடங்கிய பொட்டலத்தை எவரேனும் அனுப்பி, அது எதிரொலியாகத் திரும்பும்படி செய்தால் போதும். அவருடைய மோடமே அவருடைய இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். குறும்புக்காரச் சிறுவர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். திட்டு வாங்கியவர் என்னவோ லைன்மேனே.

மோடத்தையும் வாசற்படியையும் தாண்டி, நிறுவனத்துக்கு அப்பால் நிகழ்ந்த இழப்பும் சிறிதன்று. இணையத்தில் செய்தி பொட்டலம் பொட்டலமாகவே செல்லும். வழியிலுள்ள நிலையத்தில் கூட்டம் மிகுந்தால், கொள்ளாத பொட்டலங்கள் கீழே தள்ளப்படும். அனுப்பியவர் மீண்டும் அனுப்ப வேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் மீண்டும் அனுப்பினால் நெரிசல் இன்னும் முற்றும். 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், நானூறு கெஜ இடைவெளியிலிருந்த இரண்டு நிலையங்களுக்கிடையே நொடிக்கு 32,000 ஆக இருந்த வேகம் வெறும் 40-க்கு வீழ்ந்தது. வான் ஜேக்கப்சன் என்பவர் அதை ஆராய்ந்து, இழப்பைக் கண்டால் அனுப்புவோர் அடக்கமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். நம் நாட்டில் வெளிநாட்டுப் போக்குவரத்துக்குரிய வழிகள் அந்நாளில் குறுகியவை. பல நிறுவனங்கள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைத்த ஐ2ஐ கம்பி 2002-இல்தான் வந்தது. மாலை வேளையில் எல்லாரும் கூடியபோது பொட்டலங்கள் சிதறின. சந்தையில் நேர்ந்த நெரிசலுக்கு, ஊர்க்கோடியிலுள்ள ஒற்றையடிப் பாதையைக் குறை கூறினர்.

56,000 என்னும் வேகத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். புதிய எக்ஸ்சேஞ்சுகள் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்ணாக மாற்றி அனுப்பின. இணைய நிறுவனத்தின் முனையிலிருந்து செய்தி எண்ணாகவே புறப்பட்டு, நம் ஊர் எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு முறை மட்டும் ஓசையாக மாறினால் அந்த வேகம் கிட்டும். வழியில் இரண்டாம் முறையாக ஒரு மாற்றம் நேர்ந்தாலும் 33,600-க்கு மேல் ஏறாது. சாம் பித்ரோடாவின் முயற்சியால் 1984-இல் தோன்றிய சி-டாட் நிறுவனம், குளிர்சாதனம் வேண்டாத 128 முனை எக்ஸ்சேஞ்சை உருவாக்கிற்று; 1986-இல் கருநாடகத்தின் கித்தூரில் அது முதலில் நிறுவப்பட்டது. சிற்றூர்களுக்குத் தானியங்கித் தொலைபேசி வந்தது அதனால்தான். அதை நான் ஒரு பெரும் சாதனையாகவே மதிக்கிறேன். ஆனால் சிற்றூர் எக்ஸ்சேஞ்சைப் பெரிய எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் வழி பழைய முறையினதாக இருந்த இடங்களில், எண் ஓசையாகி, ஓசை மீண்டும் எண்ணாகிச் சென்றது. அவ்வூர்களில் பெட்டியின் மேல் 56 என்று அச்சிட்ட மோடம் 28-இல் நடந்ததற்குக் காரணம் அதுவே.

இந்த ஓசை மாற்றமே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு முயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்தது. சென்னைத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையை உருவாக்கினர். அதில் கணிப்பொறியின் குறிகள் குறிகளாகவே வானில் சென்றன. 35,000 அல்லது 70,000 வேகம் கிடைத்தது. இணையத்தில் இருக்கும்போதே தொலைபேசியிலும் பேசலாம். 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் அம்முறையில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. துணைத் தொலைபேசியை எடுக்கும் பெரியம்மாவுக்கு அங்கே இணைப்பை அறுக்கும் வல்லமை இல்லை.

கம்பியின் வழக்கில் இறுதிச் சாட்சி 2005 ஜனவரியில் வந்தது. பாரத் சஞ்சார் நிகம் தன் அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கிற்று. அரசு 2004-இல் வகுத்த கொள்கைப்படி அகலக்கற்றை என்பது குறைந்தது 2,56,000 வேகம். அதற்காக வீடுகளுக்குப் புதிய கம்பி எதுவும் இழுக்கவில்லை. பழி சுமந்த அதே இரட்டைச் செப்புக் கம்பிதான். குரலுக்கு உரிய 3,400-க்கு மேலே, பதினொரு இலட்சம் அதிர்வு வரையில் அக்கம்பி சுமக்கும். எக்ஸ்சேஞ்சின் வாயிலில் இருந்த வடிகட்டியே இத்தனை ஆண்டுகளாக அதைக் குறுக்கி வைத்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் புதிய கருவியை வைத்து வடிகட்டிக்கு முன்பே கம்பியைப் பிடித்தவுடன், அது முன்னைவிடப் பன்மடங்கு விரைவாக ஓடிற்று. ஆனால் அம்முறை எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்போர்க்கே பயன்படும். அதற்கு அப்பாலிருந்த தோட்டத்துச் சாளைகளிலும் குக்கிராமத்துக் கம்பெனிகளிலும் மோடத்தின் கீச்சொலி பின்னும் சில ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது.